அங்கம்மா முட்டிக்கு வீராசாமி மாத்திரை

டாக்டர் எழிலரசி மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முட்டியை எடுத்து மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினார். அங்கம்மா அதை மீன் மார்க்கெட்டில் நண்டைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே சதை இருக்கிறதா, ஏமாற்றுகிறார்களா என்கிற பார்வை.

"இத்த வெச்சிட்டா நான் குந்தி எய்ந்துக்கலாமா?"

"நாற்காலில உக்காரலாம்மா. தரையில வேணாம்."

"தரையில எவ குந்தப் போறா. கக்கூஸுக்குப் போவணும் டாக்டரம்மா, அத்தச் சொல்லு."

மகள் யுவராணி "ம்மா" என்று பல்லைக் கடித்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. மனைவி பேசும் இடங்களில் அவர் பொதுவாக மூலையில்தான் இருப்பார். முப்பத்தொரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று வாயை மூடியவர், ரிட்டயரான பிறகும் திறக்க மறந்துவிட்டார்.

"ரத்தம் எம்மாம் போவும்?" என்று அங்கம்மா அடுத்ததைக் கேட்டாள்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "முன்னெல்லாம் ரெண்டு பாட்டில் ஏத்துவோம். இப்போ பெரும்பாலும் ஒண்ணுகூட வேணாம். தொடையில, பிரஷர் பார்க்குறதுக்குக் கட்டுவாங்கல்ல, அது மாதிரி பெருசா ஒரு பட்டை கட்டிக் காத்தடிச்சிடுவோம். கீழ ரத்தம் வராது. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஊசி போடுவோம். ரத்தம் உறைஞ்சா உறைஞ்சபடியே நிக்கும், கரையாது. தைக்கிறப்போ மூட்டுக்குள்ளயும் அதே மருந்த ஊத்துவோம். நீங்க பயப்படவே வேணாம்."

"தண்ணி கொயா மூடுற மாதிரி மூடிடுவீங்க."

"அதேதான். ஒரே ஒரு விஷயம். ரத்தத்த இளக்குற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா? அது ஒடம்புல இருந்தா இந்த ஏற்பாடெல்லாம் பாதிக்குப் பாதி வீண். ஏழு நாள் முன்னாடியே நிறுத்தணும்."

"அது இவருக்கு" என்று அங்கம்மா கட்டைவிரலால் மூலையைக் காட்டினாள். "நெஞ்சுல ஸ்பிரிங் வெச்சிக்கினு கீறாரு. எனக்கு வலி மாத்திரை, சுண்ணாம்பு மாத்திரை, அவ்ளோதான்."

யுவராணி மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை வெச்சிக்கலாம். வியாழன் காலையில வந்து படுத்துடுங்க."

அன்று திங்கட்கிழமை. வீராசாமி மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ரத்தம் கிடையாது. கொடுத்து வைத்த முட்டி.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சடைப்பு வந்தபோது ரத்தக்குழாயில் ஒரு கம்பிச் சுருளை வைத்து, கூடவே ஒரு ரோஸ் கலர் மாத்திரையையும் தலையில் கட்டி அனுப்பினார்கள். ரத்தம் கட்டாமல் ஓட வேண்டுமாம். ஓடத்தான் ஓடியது. சவரம் செய்யும்போது ஒரு கீறல் விழுந்தால் அரை மணி நேரம் நிற்காது. சலூன்காரன் படிகாரக் கல்லைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், "பெருசு, உனக்கு ஷேவிங் பண்ணணும்னா வாசல்ல ஆம்புலன்ஸ நிறுத்திக்கினுதான் பண்ணணும்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அத்தனை வருடம் பிரஸ் முன்னால் நின்று ஒரு நகக்கண்ணைக்கூட இழக்காதவருக்கு அது பெரிய மானக்கேடு. பக்கத்து மிஷினில் பாபுவின் ஆள்காட்டி விரல் பாதி போன அன்று, தரையில் ஓடியதன்மேல் மரத்தூளைக் கொட்டி மூடியவர் அவர்தான். அதிலிருந்தே அவருக்கும் ரத்தத்துக்கும் ஆகாது.

மாத்திரையை நிறுத்துவது என்று முடிவு செய்தார். ஆனால் யுவராணி ஞாயிறுதோறும் ஏழு மூடி போட்ட டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்து அடுக்குவாள். அடுத்த ஞாயிறு வந்து குலுக்கிப் பார்ப்பாள். மிச்சமிருந்தால் தொலைந்தது. சாக்கடையில் போடலாம். நல்ல பொருளைச் சாக்கடையில் போட அவருக்குக் கை வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் அங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "எதனா ஒரு மாத்திரை குடுய்யா, உயிர் போவுது" என்று அழுதாள். அவர் கையில் ரோஸ் கலர் மாத்திரை இருந்தது. "இத்தப் போடு. பாபு சம்சாரத்துக்கு முட்டிக்குக் குடுத்தது. நல்லாக் கேக்குதாம்" என்றார்.

அது கேட்டுத் தொலைத்தது. சாயங்காலமே அவள் எழுந்து நடந்து மீன் வாங்கி வந்தாள். மறுநாள் காலை காபியோடு கையை நீட்டினாள். எட்டு மாதமாக நீட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கும் நிம்மதி. மாத்திரை வீணாகவில்லை, டப்பா காலி, சவரத்தில் ரத்தம் இல்லை, மனைவிக்கு வலி குறைவு. ஒரே கல்லில் இத்தனை மாங்காய் விழுந்தபோது, கல் எங்கே போய் விழுகிறது என்று அவர் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நீட்டிய கையைப் பார்த்து, "தீந்துபோச்சிமே" என்றார். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது.

"தீந்துபோச்சா? வாங்கியாறது?"

"கடையில இல்லையாம்."

"வர்ற வெள்ளிக்கெயமை முட்டியையே புதுசா மாத்தப் போறாங்க. அதுவரைக்கும் ஒரு மாத்திரைய உன்னால வாங்கியாற முடியல. நீயெல்லாம் ஒரு ஆம்பள."

நூம்பல் மெயின் ரோடுவரை போய், ரோஸ் நிறத்தில் ஒரு சத்து மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். அவள் அதை நாக்கில் வைத்த உடனே துப்பினாள். "இது அது இல்ல. இது இனிக்குது. யார டபாய்க்கிற?"

புதன்கிழமை மதியம் யுவராணி கைபேசியில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சத்தமாகப் படித்தாள். வீராசாமி இதற்காகத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தார். திங்கட்கிழமை அத்தனை குழாயில் ரத்தம் எடுத்தார்களே, ஏதாவது ஒன்றில் கோளாறு காட்டும், டாக்டரே தேதியைத் தள்ளிவைப்பார், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்காது. அவர் விஞ்ஞானத்தை அவ்வளவு நம்பினார்.

"எல்லாமே நார்மல் நைனா! ரத்தம் பதினொன்னு புள்ளி எட்டு. ஒறையற டெஸ்ட்டுகூட நார்மல். அம்மா ரத்தம் சும்மா ஜம்முன்னு கீது."

அந்த மாத்திரையின் வேலை அந்தப் பரிசோதனையில் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விஞ்ஞானத்தின்மேல் இருந்த மரியாதை அன்றோடு போயிற்று. சரி, இரண்டு நாளாவது விட்டிருக்கிறதே, வெள்ளிக்கிழமைக்குள் மூன்று நாளாகிவிடும், ஏழில் பாதி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்திலிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது.

"யோவ்! தீந்துபோச்சின்னியே, இது இன்னா?"

நனைந்த சட்டைப் பையிலிருந்து எடுத்த இரண்டு மாத்திரைகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. அவர் எழுந்து போவதற்குள் இரண்டையும் வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றினாள்.

"ரெண்டு நாளுதும் சேத்துப் போட்டுக்கினேன். ஒளிச்சி வெச்சிக்கினு ஆட்டம் காட்டுறான் ஆட்டம்."

வீராசாமி வாசற்படியில் நின்றார். வாயைத் திறந்தார். கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்த துண்டை மறுபடி பிரித்துக் கொடியில் போட்டார். பிறகு சந்துக்குப் போய்ப் பாபுவுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைத்தான் ரத்தம் கொடுக்கக் கேட்டிருந்தார்கள். அதுவும் பெயருக்கு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பாபு திருமழிசையிலிருந்து ஏழு பேரை ஒரு ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வந்து இறங்கினான். அவன் இப்போது வேலை செய்யும் கம்பெனியின் நைட் ஷிப்ட் அது. ஒருவரும் தூங்கியிருக்கவில்லை. ஒருவன் சீருடையில் கிரீஸ் கறையோடு வந்திருந்தான். ரத்த வங்கியின் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வீராசாமிக்குப் பின்னால் எட்டுப் பேர் வரிசையாக நுழைவதைப் பார்த்து, அங்கே வேலை பார்க்கும் நிவேதிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

"யாருக்குண்ணா? ஆக்சிடென்ட்டா?"

"முட்டி ஆபரேஷன்" என்றார் வீராசாமி. "அங்கம்மா. மூணாவது மாடி."

"அதுக்கு எதுக்கு ஊர்வலம்? ஒருத்தர் போதும். அதுவே செலவாகாது. எழிலரசி மேடம் கேசுல போன மாசம் முழுக்க ஒரு பாட்டில்கூட மேல போவல."

"எல்லார்கிட்டயும் எடுத்து வெச்சிடும்மா."

"எடுத்து?"

"இருக்கட்டும். ஒருவேளை நிக்கலன்னா?"

"ஏன் நிக்காது?"

வீராசாமி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ரத்தச் சொட்டு ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்க விட்டிருந்தார்கள். பாபு பாதி விரலால் காதைக் குடைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடப் பழக்கத்தில், இந்த ஆள் பேசாமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்று அவனுக்குத் தெரியும். இது நல்ல வகை இல்லை.

"மாமே, இன்னா மேட்டரு?"

"ஒண்ணும் இல்லடா." பிறகு நிவேதிதாவிடம், சும்மா கேட்பதுபோல, "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ரத்தம் இளக்குற மாத்திரைய ஒருத்தி தெரியாம துன்னுக்கினு இருந்தா, எம்மாம் போவும்?"

"யாரு?"

"ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கா இத்தினி பேரக் கூட்டிக்கினு வந்தீங்க?"

கிரீஸ் கறைக்காரன் கொட்டாவி விட்டான். நிவேதிதா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணா, பாட்டில் பாட்டிலா ஏத்தலாம். அது பெரிய விஷயம் இல்ல. போறது நிக்கணும்ல? முதுகுல ஊசி போட்டுத்தான் மரத்துப்போக வைப்பாங்க. அங்க உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்கிச்சின்னா காலே வராம பூடும். முட்டிய மாத்த வந்துட்டு காலையே உட்டுட்டுப் போவப் போறீங்களா? நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் இங்கேர்ந்து போன் போடவா?"

"நானே சொல்றேன்."

லிப்ட் இருந்தது. வீராசாமி படியேறினார். ஒவ்வொரு படியிலும் ஒரு பொய்யைத் தயார் செய்தார். அடுத்த படியில் அது உதவாது என்று தெரிந்தது. மருந்துக் கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றால் அட்டையைக் கேட்பார்கள். அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்றால் அவள் அங்கேயே இருக்கிறாள், செருப்புக்கு எட்டும் தூரத்தில். மூன்றாவது மாடிக்கு வந்தபோது உண்மையைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

அங்கம்மா பச்சை அங்கியில், தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டு, பள்ளிக்கூடம் போகிற தோரணையில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழிலரசி குனிந்து வலது முட்டிக்கு மேல் பேனாவால் ஒரு அம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் காலுன்னு மறந்துட்டு மாத்தி அறுத்துடுவேன்னு பயமா டாக்டரம்மா?"

"பழக்கம்மா. எல்லாருக்கும் போடுறதுதான்."

"போடு, போடு. அப்படியே பேரும் எயுதிடு."

"டாக்டர்" என்றார் வீராசாமி.

அவர் அந்த அறையில் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை என்பதால் டாக்டர், அங்கம்மா, யுவராணி மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அவ ரத்தம் இளக்குற மாத்திரை துன்றா. என்னுது. எட்டு மாசமா. நான்தான் குடுத்தேன், முட்டி மாத்திரைன்னு சொல்லி. நேத்துகூட ரெண்டு போட்டா."

டாக்டர் பேனாவை மூடினார். மூடியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. யுவராணியின் கையில் அம்மாவின் தாலியும் மூக்குத்தியும் போட்ட பிளாஸ்டிக் கவர் இருந்தது. அது மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

அங்கம்மா எட்டு மாதத்தையும் ஒருமுறை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தாள். வீராசாமி தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பாள் என்றுகூட அவருக்கு ஒரு யூகம் இருந்தது.

"அந்த ரோஸ் மாத்திரையா?"

"ஆமா."

"அது உன் நெஞ்சுக்கு உள்ளதா?"

"ஆமா."

"அப்போ எட்டு மாசமா உன் நெஞ்சுக்கு நீ இன்னா துன்ன?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. இதற்கு எந்தப் படியிலும் பதில் தயார் செய்திருக்கவில்லை.

"ஒண்ணும் துன்னல."

"அடப்பாவி." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "என் முட்டிக்கு உன் நெஞ்சையாடா துன்னக் குடுத்த?"

யுவராணி அப்போதுதான் கத்தினாள். ஞாயிறுதோறும் தான் அடுக்கிய டப்பா, தான் குலுக்கிப் பார்த்த டப்பா, ஆபீசில் கெஞ்சி வாங்கிய லீவு, எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினாள். டாக்டர் எழிலரசி அவளை உட்கார வைத்துவிட்டு, ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போகிறது என்றார். பிறகு வீராசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தம்மாவ நான் வீட்டுக்கு அனுப்பிடலாம். உங்கள அனுப்ப முடியாது. நெஞ்சுக்குள்ள கம்பிய வெச்சிக்கிட்டு எட்டு மாசம் மாத்திரை இல்லாமப் போயிருக்கீங்க. இப்போவே ஈ.சி.ஜி. எடுக்கணும். படுங்க."

"எங்க?"

"இறங்குய்யா யுவராணி, கைய புடி" என்றாள் அங்கம்மா. யாரை இறங்கச் சொல்கிறாள், யாரைப் பிடிக்கச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகளின் தோளைப் பற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். அம்பு போட்ட காலில் நின்றபடி, வீராசாமியைத் தன் கட்டிலில் தள்ளினாள். நர்ஸ் வந்து அவர் சட்டையைத் திறந்து மார்பெல்லாம் குளிரக் குளிர ஒயர்களை ஒட்டினாள். காகிதம் கோடு கோடாக வெளியே வந்துகொண்டிருந்தது. அங்கம்மா அந்தக் கோடுகளை ஒன்றும் புரியாமல், ஆனால் ஒன்றையும் விடாமல் பார்த்தாள்.

இதய டாக்டர் வந்து பார்த்து, இதுவரை பிழைத்திருப்பது மருத்துவத்தின் சாதனை இல்லை என்று சொல்லிவிட்டு, மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்துவிட்டுப் போனார். கீழே ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நைட் ஷிப்ட் ஒரு சொட்டும் கொடுக்காமல் திரும்பிப் போனது.

அந்த ஒரு வாரம் அங்கம்மா பேசவில்லை.

முப்பத்தெட்டு வருடமாக வீராசாமி அவளுடைய கோபத்தைக் கேட்டு வந்தவர். பார்த்ததில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் அவருடைய உரிமை. அதை அவள் பிடுங்கிக்கொண்டதும் வீடு அகலமாகிவிட்டது. காபி வந்தது. சோறு வந்தது. தினமும் காலையில் அவர் மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நின்றாள்; விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள்; நாக்கைத் தூக்கவும் சைகைதான். தன் வலிக்கு ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் அழவில்லை. அவர் இரண்டு முறை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லத் தெரியவில்லை. அத்தனை வருடம் பேசாமல் இருந்ததில் இப்படி ஒரு நஷ்டம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்பதரைக்கு டாக்டர் எழிலரசி முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வீராசாமி அவருடைய முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தார். கழுவியிருந்தன.

"நல்லபடியா முடிஞ்சுது. ரத்தம் எதிர்பார்த்ததவிடக் கம்மிதான். ஏத்தத் தேவையே இல்ல." பிறகு கொஞ்சம் நின்று, "போன வாரம் நீங்க சொல்லாம இருந்திருந்தா இத நான் இவ்ளோ சுலபமா வந்து சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். பாராட்டா திட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

வார்டுக்கு வந்த பிறகு அங்கம்மா பேச ஆரம்பித்தாள். நர்ஸிடம். கொண்டுவந்த ஒவ்வொரு மாத்திரையையும் கையில் வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது யாருதும்மா?" என்று கேட்டாள். நர்ஸ் அட்டையில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினால்தான் வாயில் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு விவரம் போய்ச் சேர்ந்து, மதியத்துக்குள் அந்த வார்டு முழுக்க வீராசாமியை ஒரு மாதிரியாகப் பார்த்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவள் அதையும் நர்ஸ் கையிலிருந்துதான் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலை பிசியோதெரபி செய்கிற பெண் வந்து நாலு கால் வாக்கரை முன்னால் வைத்தாள். "எழுந்து நாலு அடி நடக்கலாம் பாட்டி. அய்யா, நீங்க பின்னாடி வந்து இடுப்ப லேசாப் புடிச்சிக்கோங்க. விழுந்துடப் போறாங்க."

வீராசாமி பின்னால் போய்க் கையை நீட்டினார்.

"தொடாத."

எட்டு நாளில் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் வாக்கரை இறுக்கிப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்து, எழுந்து நின்றாள். புதுக்கால் தரையைத் தொட்டபோது முகம் சுருங்கியது. ஒரு அடி வைத்தாள். வார்டின் வாசல்வரை பதினைந்து அடி இருக்கும்.

"பின்னால நிக்காத" என்றாள், திரும்பாமல். "நீ பின்னாடி இன்னா பண்ணிக்கினு கீறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முன்னாடி போய் நட. கண்ணுல படுற மாதிரி."

வீராசாமி கட்டில்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தார். இரண்டு அடி நடந்தார். பின்னால் வாக்கரின் கால்கள் தரையில் டக்கென்று ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பு இழுபடும் சத்தம். மறுபடி டக்.

"மெதுவாப் போய்யா. ரேஸா ஓட்ற?"

அவர் நடையைக் குறைத்தார்.